பெலிக்ஸ் என்பது ஆள் பெயரில்லை

ஐயாவுக்கு ஒரு வியாதி உண்டு. சர்க்கரையும் பிரஷரும் அப்புறம் வந்தவை. அவருடைய சொந்த வியாதி, சொன்ன சொல்லைத் திருத்துவது.

ஒருநாள் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒருத்தர் ஏரியூர் போக வழி கேட்டிருக்கிறார். நிற்கிற பஸ்ஸைக் காட்டி, இதில் ஏறித் தருமபுரியில் மாறிக்கொள்ளுங்கள் என்று ஐயா சொல்லிவிட்டார். பஸ் கிளம்பின பிறகுதான் அது மாரண்டஅள்ளி போகிற பஸ் என்று தெரிந்தது. வேறு யாராக இருந்தாலும் நாக்கைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஐயா மொபெட்டை எடுத்துக்கொண்டு பஸ்ஸைத் துரத்தினார். அடுத்த நிறுத்தத்தில் படியில் ஏறி நின்று, மூச்சு வாங்க, பச்சைச் சட்டை போட்ட அண்ணன் எங்கே என்று தேடினார். பச்சைச் சட்டைக்காரரைக் கண்டக்டர் முன்னாடியே இறக்கி விட்டிருந்தார். பஸ் முழுக்கச் சிரித்தது. ஐயா பஸ்ஸில் இருந்தவர்களிடமே, "நான் சொன்னது தப்புங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார். யாரிடமாவது சொல்லியாக வேண்டும் அவருக்கு.

அவர் பெயரை நான் போடப் போவதில்லை. ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களும் குறைவு. மாதா கோயில் சாமியார் படிப்புக்குப் போய்ப் பல வருடம் இருந்துவிட்டு, கடைசியில் வேண்டாம் என்று வந்தவர். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அதனால் 'பாதிச் சாமியார்' என்பார்கள். அவர் காதில் விழும்படியே சொல்வார்கள். அவர் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஒருதரம் மட்டும், "பாதிகூட இல்லீங்க, கால்வாசிதான்" என்று திருத்தினார்.

ஊருக்கு வெளியே ரோட்டோரம் அவருக்கு ஒரு நாற்றுப் பண்ணை இருந்தது. பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே குழித்தட்டு வரிசையில் தக்காளி, மிளகாய், முட்டைக்கோஸ் நாற்று. ஓரமாகக் கொஞ்சம் ஒட்டு மாஞ்செடியும் உண்டு. அங்கேதான் நான் வேலைக்குப் போனேன். கல்யாணமாகி வந்த புதிது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம் அதிகம். பள்ளிக்கூடத்தில் டீச்சர் என் பெயரைக் கூப்பிட்டாலே காய்ச்சல் வந்துவிடும். ஏழாவதோடு நின்றுவிட்டேன். தட்டில் விதை போடுகிற வேலை எனக்கு ஒத்து வந்தது. ஒரு குழிக்கு ஒரு விதை. போட்ட குழியை மறுபடி பார்த்து, விதை இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டே இருப்பேன். கூட வேலை செய்த கன்னட வீட்டு அக்கா, "இவ விதை போட்டா செடி வெக்கப்பட்டு மொளைக்காம போயிடும், இப்படியா குறுகுறுன்னு பாப்பே" என்று கிண்டல் செய்வாள். ஐயா மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார். போட்டதை மறுபடி பார்க்கிற புத்தி அவருக்கும் இருந்ததால் என்னைப் புரிந்திருக்கும்.

பண்ணை வாசலில் ஒரு பலகை. 'பெலிக்ஸ் நாற்றுப் பண்ணை'. நாற்று வாங்க வருகிறவர்கள், பெலிக்ஸ் யாருங்க, உங்க பையனா என்று கேட்பார்கள். "பையன் இல்லீங்க. அது ஆள் பேரே இல்லீங்க. லத்தீன் வார்த்தை. சந்தோசமா இருக்கறவன்னு அர்த்தம்" என்பார். அந்தச் சந்தோஷத்துக்கே பெலீச்சித்தாஸ் என்று பெயராம். அதைச் சொல்லும்போது அவர் வாய் அழகாகக் குவியும். எனக்கும் அந்தச் சொல் பிடித்துப் போயிற்று. வீட்டில் மனது சரியில்லாத நாட்களில் பண்ணை வாசலில் செருப்பை விட்டுவிட்டு அந்தப் பலகையை ஒருதரம் படித்துவிட்டுத்தான் உள்ளே போவேன். அர்த்தம் தெரிந்து நான் படித்த ஒரே அயல்நாட்டு வார்த்தை அது.

மனது சரியில்லாத நாட்கள் நிறைய இருந்தன. கல்யாணமாகி வருடங்கள் ஓடியும் எனக்குக் குழந்தையில்லை. மாமியார் முதலில் கோயிலுக்கு அனுப்பினார். அப்புறம் கஷாயம் கொடுத்தார். அப்புறம் ஒன்றும் பேசாமலிருந்தார். அந்தப் பேசாமை முடிந்தபோது, ஏரியூர்ப் பக்கம் தூரத்து உறவில் ஒரு பெண் இருக்கிறது என்று பேச்சு வந்தது. மகனுக்கு இரண்டாவதாக. நான் என் அம்மா வீட்டுக்குத் திரும்பிப் போகிற மாதிரி தினமும் ஒருதரமாவது நினைத்துப் பார்ப்பேன். எந்தப் பையில் துணி வைப்பது, எந்த பஸ்ஸில் ஏறினால் தெரிந்தவர்கள் இருக்க மாட்டார்கள் என்பது வரைக்கும்.

அப்படி இருக்கையில்தான் ஒருநாள் காலையில் ஐயா வேலையை நிறுத்திவிட்டு எங்கள் முன்னால் வந்து நின்றார். முகத்தைப் பார்த்ததும் எங்களுக்குத் தெரிந்துவிட்டது, எதையோ திருத்தப் போகிறார். கன்னட வீட்டு அக்கா என் காதில், "யாருக்கு எந்த பஸ்ஸோ" என்றாள்.

"பெலிக்ஸ்னா சந்தோசம்னு உங்களுக்குச் சொல்லி வெச்சிருக்கேன். அது தப்பில்ல, ஆனா முழுசும் சரியில்ல" என்று ஆரம்பித்தார். ராத்திரி பழைய அகராதியை எடுத்துப் பார்த்தாராம். அந்தச் சொல் முதலில் மனுஷனுக்குச் சொன்னதே இல்லையாம். மரத்துக்குச் சொன்னதாம். காய்க்கிற மரம் பெலிக்ஸ். அரேபியாவில் பாலைவனத்தை விட்டுவிட்டு மழை பெய்து விளைகிற பக்கத்துக்கு மட்டும் அந்தப் பெயரை வைத்தார்களாம். அப்புறம்தான் கொடுத்து வைத்தவன், சந்தோஷமானவன் என்றெல்லாம் அர்த்தம் விரிந்ததாம். அதற்கும் அடியில் தோண்டினால் பால் ஊட்டுகிறது என்கிற அர்த்தம் வேராகக் கிடக்கிறதாம்.

"அப்ப காய்க்காத மரத்துக்கு என்னாங்கய்யா பேரு?" என்று ஒருத்தி கேட்டாள். கேட்கணும் என்று கேட்கவில்லை. சும்மா வாய்க்கு வந்தது.

"இன்பெலிக்ஸ். அது ஆகாத மரம். குத்தவாளியத் தூக்குல போடறதுக்கு அந்த மரத்தைத்தான்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் அங்கே நின்றுவிட்டார். எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். என்னைப் பார்க்கக் கூடாது என்று தட்டைப் பார்த்தார்கள். கன்னட வீட்டு அக்காதான், "ஐயா, அந்தக் கடைசி வரிசை காயுதுங்க, தண்ணி வுடணும்" என்றாள். எனக்குக் காது இரண்டும் சுட்டது. தூரதேசத்தில், எந்தக் காலத்திலோ இருந்தவர்கள்கூட என் மாமியார் சொல்வதையே சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

சாயங்காலம் நான் கிளம்பும்போது வாசலில் நின்றிருந்தார். மண்வெட்டி இல்லாமல் வெறும் கையோடு நிற்க அவருக்குத் தெரியாது. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அந்த வார்த்தையக் கட்டுனவங்க வெள்ளாம பண்றவங்கம்மா. வெளைஞ்சா சோறு, வெளையலைன்னா பட்டினி. அவங்களுக்கு வேற எந்தச் சந்தோசம் தெரிஞ்சிருக்கும்?" என்றார். பிறகு, "நம்ம ஊர்லயும் அப்படித்தான். பேறுன்னா பாக்கியம். பேறுன்னா பிரசவம்" என்றார். சொன்ன பிறகு அதுவும் ஆறுதலாக இல்லை என்பது அவருக்கே தெரிந்து தலையைக் குனிந்துகொண்டார். புண்ணைத் துடைக்க வந்து நகத்தால் கீறிவிட்டவர் மாதிரி இருந்தது. அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த கோபம் அவரைப் பார்த்ததும் போய்விட்டது. வெட்கம் மட்டும் போகவில்லை. அவருடையது, என்னுடையது இரண்டும் சேர்ந்து அங்கேயே நின்றது.

சாமியார் படிப்பை ஏன் விட்டார் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பெண் விஷயம் என்பவர்களும் உண்டு. என்னிடம் அவர் ஒருதரம் மழைக்கு ஒதுங்கி நின்றபோது சொன்னது வேறு. படிக்கிற காலத்தில் ஒரு நோயாளியைப் பார்க்க அனுப்பினார்களாம். அந்த ஆள் கையைப் பிடித்துக்கொண்டு, நான் பிழைப்பேனா என்று கேட்டாராம். இவர், பிழைத்துக்கொள்வீர்கள் என்று சொல்லிவிட்டாராம். மறுநாள் திருத்தலாம் என்று போனால் கட்டில் காலியாக இருந்ததாம். "செத்தவங்ககிட்டப் போயி எப்படித் திருத்தறது? அந்த வேலை பூரா இப்படித்தான் இருக்கும்னு தெரிஞ்சு போச்சு. செடின்னா பரவால்ல, அதுகிட்ட நாம ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல" என்றார்.

அதற்குப் பிறகு நானும் வீட்டுக்காரரும் மாமியாருக்குத் தெரியாமல் தருமபுரியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மகப்பேறு என்று எழுதியிருந்த கதவுக்கு வெளியே உட்கார வைத்தார்கள். அந்த எழுத்தைப் படித்ததும் ஐயா சொன்னது ஞாபகம் வந்து கண்ணைத் தரைக்குத் திருப்பிக்கொண்டேன். பரிசோதனை எல்லாம் முடிந்து டாக்டரம்மா கூப்பிட்டு, என்னிடம் ஒரு குறையும் இல்லை என்றார். குறை வீட்டுக்காரரிடம். அது மருந்தில் தீருகிற குறையும் இல்லை என்பதை நிதானமாகச் சொன்னார். வீட்டுக்காரர் சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எனக்கு முன்னால் நடந்தார். "அம்மாவுக்குத் தெரியக் கூடாது" என்றார். அப்புறம் என்னை அங்கேயே விட்டுவிட்டு எந்த பஸ்ஸிலோ ஏறிப் போய்விட்டார்.

குழித்தட்டுக்குத் தேங்காய்நார்த் தூள் வாங்க வந்திருந்த ஐயா, அங்கே நின்று அழுதுகொண்டிருந்த என்னைப் பார்த்தார். பாலக்கோட்டு பஸ்ஸில் என்னை ஏற்றி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். ஏன் அழுகிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. நானாகத்தான் கொட்டிவிட்டேன். கொட்டின அடுத்த நிமிஷமே பயம் பிடித்துக்கொண்டது. யாரிடம் போய்ச் சொல்லியிருக்கிறேன்? பஸ்ஸைத் துரத்திப் போய் உண்மை சொல்கிற மனுஷனிடம்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கய்யா. அவரு மானம் போயிடும். என்னைப் பேசுனா பேசிட்டுப் போறாங்க" என்றேன்.

கண்டக்டரிடம் இரண்டு டிக்கெட் வாங்கினார். பிறகு, "நானா சொல்ல மாட்டேம்மா. யாரும் என்கிட்ட கேக்காம இருக்கணும்" என்றார்.

எங்கள் வீட்டு வாசலில் ஒரு மாமரம். ஐயா பண்ணையிலிருந்து நான்தான் ஒட்டு மாஞ்செடி என்று வாங்கி வந்து வைத்தேன். நாலாம் வருடம் காய்க்கும் என்று சொல்லிக் கொடுத்தார். அது பாட்டுக்கு வளர்ந்து இலையும் நிழலுமாக நின்றதே தவிர ஒரு பூ எடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் காய்க்காத மரத்துக்கு ரோஷம் வரட்டும் என்று விளக்குமாற்றையும் பிய்ந்த செருப்பையும் கட்டித் தொங்க விடுவார்கள். மாமியார் ஒரு வெள்ளிக்கிழமை கட்டினார். கட்டிவிட்டு மரத்தைப் பார்த்துத்தான் ஏசினார். "தின்னுட்டுத் தின்னுட்டு நிக்கறியே, ஒனக்கு வெக்கமா இல்ல?" தண்ணீர் பிடிக்கப் போகிற பெண்கள் மரத்தைப் பார்ப்பார்கள், அப்படியே கண்ணைத் திருப்பி என்னைப் பார்ப்பார்கள். கோலம் போடக் குனிந்தால் அந்தச் செருப்பு என் தலைக்கு மேலே ஆடும்.

கன்னட வீட்டு அக்கா, அய்யோ பாப, பாவம் இந்தப் பொண்ணு என்று இதைப் போய் ஐயாவிடம் சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலுக்குப் போன வெள்ளைச் சட்டையோடு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நேராக மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணை விலக்கினார். அடித்தண்டைத் தடவித் தடவிப் பார்த்தார். மாமியார் வந்தார். மோட்டார் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் கையில் கிரீஸோடு வந்தார். தெருவில் போன நாலு பேரும் நின்றார்கள்.

"இதா பாருங்க, ஒட்டுக் கட்டுன இடம். ஒட்டு அப்பவே பட்டுப் போயிருக்கு. கீழ இருந்து கெளம்புன காட்டுத் துளிருதான் மரமா நிக்குது. அப்படி வர்ற துளிரக் கிள்ளிப் போடணும்னு செடி குடுக்கறப்பவே நான் சொல்லியிருக்கணும். சொல்லாம வுட்டுட்டேன். இது காய்க்கும், ஆனா நாளாவும். தப்பு மரத்து மேல இல்லீங்க, என்மேலதான்" என்றார். எழுந்து, கயிற்றை அவிழ்த்து, விளக்குமாற்றையும் செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டார்.

எனக்கு அந்த மரத்தின்மேல் பொறாமை வந்தது. இப்போது எழுதும்போது அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வந்தது.

மாமியார் கெட்டிக்காரி. தாடையால் என்னைக் காட்டினார். "சரிங்க சாமி. மரத்துக்கு நீங்க வந்து ஞாயம் சொல்லிட்டீங்க. வூட்டுக்குள்ள ஒண்ணு நிக்குதே, அதுக்கு யாரு சொல்லுவா? நீங்கதான் பொய் பேசாத ஆளாச்சே, நீங்களே சொல்லுங்க. அதுல தப்பு யாரு மேல?"

கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டார்.

ஐயா வாயைத் திறந்தார். வீட்டுக்காரர் கையிலிருந்த துணியால் விரல் விரலாகக் கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. ஐயாவுக்குத் தெரியும் என்பது அந்த நிமிஷத்தில்தான் அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் பேசட்டும் என்று ஐயா காத்திருந்த மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் அடுத்த விரலைத் துடைக்கப் போனார். ஐயா என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். லேசாகத்தான். அவருக்கு அது போதும்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றார்.

விளக்குமாற்றையும் செருப்பையும் கையில் பிடித்தபடியே, வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு தெருவோடு போனார். பாதிச் சாமியார் விளக்குமாற்றோட ஊர்வலம் போறாரு என்று யாரோ சொன்னார்கள். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் உள்ளே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு நான் பட்ட பயம் கொஞ்சமில்லை. தெருவில் மொபெட் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடிப் போய் எட்டிப் பார்ப்பேன். சொன்னதைத் திருத்தத்தான் வருகிறார் என்று நினைப்பேன். ஒரு மாதம், இரண்டு மாதம், அடுத்த தக்காளிப் போகம் வரைக்கும் நினைத்தேன். அவர் வரவில்லை. பண்ணையில் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். மற்றவர்களிடமும் மாறிப் போனார். நாற்று எத்தனை நாள், எந்த ரகம் என்று கேட்டால் முன்பெல்லாம் அடித்துச் சொல்கிறவர், "அப்படித்தான் இருக்கும்ங்க" என்று இழுப்பார். விவசாயிகளுக்கு அது பிடிக்குமா? ஒவ்வொருவராக வேறு பண்ணைக்குப் போனார்கள். திருத்துவதையும் விட்டுவிட்டார். கன்னட வீட்டு அக்கா, நல்லதாப் போச்சு, இப்பத்தான் மனுசனாயிருக்காரு என்றாள். எனக்கு அவரைப் பார்க்கவே முடியவில்லை.

ஏரியூர்ப் பேச்சு நின்றுவிட்டது. வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். காரணம் சொல்லவில்லை. நான் மருந்து வைத்து மயக்கிவிட்டேன் என்று மாமியார் ஊரெல்லாம் சொன்னார். அந்தப் பேச்சு அவர் சாகிற வரைக்கும் இருந்தது. போன ஆடியில் செத்தார். கடைசி வரைக்கும் அவருக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஐயா பண்ணையை மூடிவிட்டு நல்லம்பள்ளி தாண்டி ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, போன மாதம் போனோம். வீட்டுக்காரரே வண்டியில் கூட்டிப் போனார். முதலில் வெளியே நிற்கிறேன் என்றார். அப்புறம் என்ன நினைத்தாரோ, கூடவே உள்ளே வந்தார்.

ஐயா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். ஆள் பாதியாகிவிட்டார். ஞாபகம் வருகிறது, போகிறது என்று அங்கிருந்த சிஸ்டர் சொன்னார். என்னை வெகுநேரம் பார்த்தார். யாரென்று தெரிந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சொல்லிட்டனா?" என்றார்.

எனக்கு உடனே புரிந்தது. "இல்லீங்கய்யா. நீங்க சொல்லல."

"அப்ப அது இன்னும் அப்படியேதான் நிக்குதா?" என்று எழுந்திருக்கப் பார்த்தார். போர்வையை விலக்கிக் காலைத் தரையில் ஊன்றப் போனார். "வண்டி இருக்கா? உங்க மாமியாருகிட்ட ஒரே ஒரு வார்த்தை. தெரியாதுன்னு சொன்னது சரியில்லன்னு சொல்லிட்டு வந்துடறேன்."

மாமியார் செத்துப் போனார் என்று எப்படிச் சொல்வது? வீட்டுக்காரர்தான் குனிந்து அவர் காலை எடுத்துக் கட்டிலில் வைத்தார்.

"நீங்க வர வேண்டியதில்லீங்க. நான் சொல்லிட்டேன். எங்கம்மாகிட்ட நானே சொல்லிட்டனுங்க."

"எப்ப?"

"அன்னைக்கேங்க. நீங்க போன பொறவு."

ஐயா அவர் முகத்தையே பார்த்தார். "என்னா சொன்னாங்க?"

வீட்டுக்காரர் போர்வையைச் சரி செய்துகொண்டே இருந்தார். "ஒண்ணும் சொல்லலீங்க. சோறு போட்டாங்க."

ஐயா தலையணையில் சாய்ந்தார். என் பக்கம் திரும்பி, "அப்படியாம்மா?" என்றார்.

"ஆமாங்கய்யா" என்றேன். "எனக்கும் சேத்துத்தான் போட்டாங்க."